ஐந்தரை நாள் இருட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் மேட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு சண்டை வரும். ஆனால் அந்தக் கோபத்தில் என் நாலு வருஷ உழைப்புக்குக் கிடைத்த பலனைக் கழுவும் தொட்டியில் ஊற்றப் பார்த்தேன் என்பதையும், அந்தப் பலனை எனக்குத் தந்தவரை வாசலுக்கு வெளியே துரத்தினேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லிக் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

என் பெயர் அனிஷா. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கடல் நுண்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். "திண்டுக்கல்லுல எங்கடி கடல் இருக்கு?" என்று அம்மா நாலு வருஷமாகக் கேட்கிறாள். கடல் கேனில் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொண்டிக்குப் போய், இரண்டு பெரிய கேன்களில் கடல்தண்ணீர் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு கண்டக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுக்காம்மா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று கேட்பார். ஆமாம், இதற்குத்தான்.

அந்தத் தண்ணீரில் நான் வளர்ப்பது டயட்டம். ஒரே ஒரு செல்தான் ஓர் உயிர். கண்ணாடியால் ஆன வட்டச் சம்படத்துக்குள் அது குடியிருக்கிறது. மேலே ஒரு மூடி, கீழே அதற்குள் பொருந்தும் ஓர் அடிப்பாகம். செல் இரண்டாகப் பிரியும்போது ஒருத்தி மூடியை எடுத்துக்கொள்வாள், மற்றவள் அடிப்பாகத்தை எடுத்துக்கொள்வாள். இரண்டு பேருமே தனக்கு வந்ததை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரிப் புது அடிப்பாகம் செய்துகொள்வார்கள். மூடி வாங்கியவள் பழைய அளவிலேயே இருப்பாள். அடிப்பாகம் வாங்கியவள் ஒரு சுற்றுச் சிறுத்துப்போவாள். அவளுடைய மகள்களில் ஒருத்தி இன்னும் சிறுப்பாள். பாகப்பிரிவினையில் ஏமாந்த குடும்பம் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வரும்.

இப்படியே சிறுத்து ஓர் எல்லைக்குக் கீழே போனால் சாவுதான். தப்பிக்க இயற்கை ஒரே ஒரு வழி வைத்திருக்கிறது. சிறுத்த செல்களில் சில முட்டையாக மாறும். சில, நீந்துகிற விந்தணுக்களை வெளியே விடும். இரண்டும் கூடியதும் அந்தக் கண்ணாடிச் சம்படத்தையே கழற்றி எறிந்துவிட்டு, மெத்தென்ற ஓர் உருண்டையாக ஊதி, பாட்டியின் பாட்டிக்கு இருந்த அளவில் புதுச் சம்படம் செய்துகொள்ளும். அதிலிருந்து வம்சம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வெளிச்சமோ உப்போ சத்தோ, சுற்றுப்புறத்தில் ஏதோ ஒன்று திடீரென்று மாறினால்தான் இது நடக்கும். எது மாற வேண்டும் என்பது இனத்துக்கு இனம் வேறு. என்னுடைய இனத்துக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு தொண்டியில் நான் பிடித்து வந்த ஒற்றைச் செல் நூற்று எண்பத்திரண்டு மைக்ரான் அகலம். இந்தச் செப்டம்பரில் அதன் வம்சத்தின் சராசரி நாற்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே போன குடுவைகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். சத்தை நிறுத்திப் பார்த்தேன். ஒரு நாள் இருட்டில்கூட வைத்தேன். அதற்கு மேல் வைக்கத் தைரியம் வரவில்லை. டியூப் லைட் கட்டிய ரேக்கில் மிச்சம் இருந்ததே பன்னிரண்டு குடுவைதான்.

"சிறுத்தத எழுதிட்ட. பெருத்தத எப்பம்மா எழுதப் போற?" என்று கேட்டார் என் வழிகாட்டி அருள்நாதன் சார். "டிசம்பர்ல கமிட்டி உக்காருது. அதுக்குள்ள ஒண்ணும் வரலேன்னா இந்த ஆராய்ச்சிய இதோட மூடச் சொல்லுவாங்க. என்னால தடுக்க முடியாது."

டிசம்பருக்கு மூன்று மாதம் இருந்தது. என் செல்களுக்கு அதைவிடக் குறைவாகவே இருந்தது.

ஜக்கம்மாள் அக்கா எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, நூல் தூசி ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்தவர். ஆயிரம் நூற்புக் கதிர் சுற்றும்போது எந்த இழை அறுந்தது என்று நடந்துகொண்டே கண்டுபிடித்த கண் அவருடையது. ஒரு குடுவையில் நிறம் மாறினால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். விளக்கு எரிகிற நேரத்தில் செல்கள் தின்று கொழுக்கும், அணைந்த நேரத்தில்தான் பெரும்பாலும் பிரியும் என்று ஒருநாள் சொன்னபோது, "இதுகளும் நைட் ஷிப்டு பாக்குதுகளாக்கும்" என்றார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். வீட்டுக்கு வெளியே வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் நடப்பது வேறு.

செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. எனக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். புதன் ஆயுத பூசை, வியாழன் விஜயதசமி, வெள்ளிக்கும் சேர்த்து லீவு விட்டுவிட்டார்கள். பிறகு சனி, ஞாயிறு. படுக்கையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ரேக்கைப் பாத்துக்கங்க. உங்க சொந்த மிசினா நெனச்சுப் பாத்துக்கங்க."

"அதெல்லாம் நீ சொல்லணுமா பாப்பா? கஞ்சியக் குடிச்சிட்டுப் படு."

இந்த உரையாடலில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. தப்பு என்னவென்றால், அவர் நான் சொன்னதை அப்படியே செய்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அறை இருட்டாக இருந்தது. ரேக்கின் மேல், மேலிருந்து கீழ்வரை ஒரு துணி. கருநீலச் சின்னாளப்பட்டிச் சேலை, கடையின் மடிப்புக்கூடக் கலையாதது. அதை இழுத்தேன். உள்ளே பன்னிரண்டு குடுவைகளின் கழுத்திலும் சந்தனம், குங்குமம். டைமருக்கு ஒரு பொட்டு. மைக்ராஸ்கோப்புக்கு மூன்று. ஏசிக்கும் பொட்டு வைத்திருந்தார். அதன் ரிமோட் என் டிராயரில் பூட்டிக் கிடந்ததால் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரேக்கின் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. பழுப்புப் பொன்னாக மிதக்க வேண்டிய என் செல்கள் குடுவையின் அடியில் வெளிறிய சேறாகப் படிந்து கிடந்தன.

"யார் லைட்டை அணைச்சது?"

என் சத்தத்துக்கு எதிர் அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். துடைப்பத்தோடு நின்ற ஜக்கம்மாள் அக்கா மெதுவாகச் சொன்னார்.

"நான்தான் பாப்பா. பூசையன்னைக்கு மிசினு ஓடக் கூடாதுல்ல. செவ்வாக்கெழம சாயந்தரம் தொடச்சு, பொட்டு வச்சு, பூசைக்கு எடுத்த புதுச் சேலையச் சாத்தி அமத்தினேன். பூசைக்கு மறுநா மறுபூசைக்கு வந்து போட்டுறலாம்னு..."

"பூசையா? இது உயிரு அக்கா! உங்க மில்லு மிசின் இல்ல!"

"அதான் பாப்பா, வெசாழக்கெழம நான்..."

"பேசாதீங்க. நாலு வருசம். அம்புட்டையும் கொன்னுட்டீங்க. போயிருங்க. இனிமே இந்த ரூமுப் பக்கம் வராதீங்க."

கையிலிருந்த சேலையைத் தரையில் எறிந்தேன். ஈரத் தரை. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சேலையை எடுக்கவில்லை.

நான் மெயினைப் போட்டேன். வழக்கமாகத் தட்டுக்கு ஒரு டியூப் லைட்தான் எரியும். அன்றைக்கு வெறியில் எல்லா சுவிட்சையும் தட்டினேன், தட்டுக்கு மூன்றும் எரிந்தது. பிறகு குடுவைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றப் போனேன். முதல் குடுவையைக் கையில் எடுத்தபின் ஒரு யோசனை வந்தது. எப்போது, எப்படிச் செத்தது என்று பதிவுக்காவது ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். சாகவில்லை. வெளிறி, பிரியாமல், சும்மா இருந்தன. சரி, இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். இதைப் பொறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுது முடிக்க எனக்கு நேரம் தேவைப்பட்டது.

புதன்கிழமை சில உருண்டைகள் தெரிந்தன. காற்றுக் குமிழ் என்று நினைத்தேன். வேறு சொட்டு எடுத்தேன், அதிலும் இருந்தன. பூஞ்சை விழுந்துவிட்டது என்று முடிவு செய்து நொந்துபோய் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி கண்ணை வைத்தேன். கோடு போட்ட மாதிரி வரிசையாகச் சின்னஞ்சிறு வட்டங்கள். அவற்றுக்கு நடுவில் ஒன்று. பார்வை வட்டத்தில் கால்வாசியை அது ஒன்றே அடைத்துக்கொண்டிருந்தது. புதுக் கண்ணாடி, ஒரு கீறல் இல்லை, உள்ளே பொன் நிறம் நிறைந்திருந்தது. அதன் விளிம்பில் பழைய சம்படத்தின் மூடி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, சின்னதாக, காலியாக. அளந்தேன். நம்ப முடியாமல் மூன்று தடவை அளந்தேன். நூற்று எழுபத்தாறு மைக்ரான்.

நான் போட்ட கூச்சலில் அருள்நாதன் சார் ஓடி வந்தார். திங்கட்கிழமைக் கூச்சலுக்கு வராதவர் இதற்கு வந்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணும் ஈரமாக இருந்தது, ஆனால் வாய் வேறு சொன்னது.

"அனிஷா, ஒரு தடவ நடந்தா அது அதிர்ஷ்டம். கமிட்டி நம்பாது, நானும் நம்ப மாட்டேன். திரும்ப நடத்திக் காட்டு. அப்புறம், நெத்தியில என்ன குங்குமம்? மதம் மாறிட்டியா?"

எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. மைக்ராஸ்கோப்பில் இருந்த பொட்டு என் புருவத்தில் ஒட்டியிருந்தது. துடைக்கும்போதுதான் உறைத்தது. திரும்ப நடத்த வேண்டுமென்றால் முதலில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு அணைத்தார்? குடுவையைக் கலக்கினாரா? துணி எத்தனை மடிப்பு? இதெல்லாம் தெரிந்த ஒரே ஆளை நான் பேச விடாமல் துரத்தியிருந்தேன்.

சனிக்கிழமை வேடசந்தூர் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே, மில் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா" என்றார். பாப்பா இல்லை.

"அக்கா, தப்பு எம்மேலதான்."

"எது தப்பு? கத்துனதா, சேலையத் தூக்கி எறிஞ்சதா?"

"ரெண்டும்."

"மூணாவதா ஒண்ணு இருக்கு. என்னையப் பேச விடல." மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தார். "வெசாழக்கெழம காலையில மறுபூசைக்கு வந்தேன். கட்டடம் பூட்டிக் கெடக்கு. சாவி ஆபீஸ் பீரோவுல, திங்கக்கெழமதான் தொறப்பாகன்னு வாட்ச்மேன் சேவியர் சொல்லிட்டாரு. உனக்குப் போன் போட்டேன், எடுக்கல. வெள்ளிக்கெழம மறுபடி வந்து, சன்னல் வழியாச்சும் கம்பிய விட்டுச் சுவிச்சுப் போட முடியுமான்னு பாத்தேன். எட்டல. காய்ச்சக்காரிய எத்தன தடவ எழுப்புறதுன்னு விட்டுட்டேன். நாலு நாளும் எனக்குச் சோறு எறங்கல. அதச் சொல்ல வந்தா வாய அடைக்கிற."

போனை எடுத்துப் பார்த்தேன். ஜக்கம்மாள் அக்கா, ஆறு தவறிய அழைப்புகள். உடம்பு எப்படி என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துத் திரும்பக் கூப்பிடாமல் விட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

"அதுக எல்லாம் செத்துப்போச்சா?" என்று கேட்டார். அதைக் கேட்கும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

நான் போனில் படத்தைக் காட்டினேன். சின்ன வட்டங்கள், நடுவில் அந்தப் பெரியவள். அக்கா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்மதா?"

"நம்மதுதான். நீங்க இருட்டுல வச்சதாலதான் வந்துச்சு. நான் பயந்துபோயி ஒரு நாளுக்கு மேல வைக்கவே இல்ல. திரும்பச் செஞ்சு காட்டணும்க்கா. நீங்க இல்லாம என்னால முடியாது."

"நாளையிலருந்து மில்லுக்கு வாரேன்னு சொல்லிட்டேனே."

"நூல் தூசி உங்களுக்கு ஆகாதுல்ல?"

"ஒன் வாயி மட்டும் ஆகுமாக்கும்." ஆனால் சிரித்துவிட்டார். "சரி வாரேன். இனிமே நான் ஒரு பேச்ச ஆரம்பிச்சா முடிக்க விடணும். சேலையக் கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருந்தேன். நானே துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து. அவர் பிரித்துப் பார்த்து, "கஞ்சி சாஸ்தி" என்றார்.

இரண்டாவது சோதனையைத் தீபாவளி முடிந்த கையோடு தொடங்கினோம். சிறியதாகவே நின்றுவிட்ட செல்களைத் தனியாகப் பொறுக்கிப் பன்னிரண்டு புதுக் குடுவைகளில் பெருக்கினேன். நாலு குடுவைக்கு வழக்கமான வெளிச்சம். நாலுக்கு இரண்டு நாள் இருட்டு. நாலுக்கு ஐந்தரை நாள் இருட்டு, எட்டு மடிப்பில் அதே சேலை. பிறகு எல்லாக் குடுவைக்கும் மூன்று டியூப் வெளிச்சம், மூன்று நாள். எந்தக் குடுவை எதில் இருந்தது என்பது எனக்குத் தெரியக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆசை கண்ணை மறைக்கும் என்று அவருக்குத் தெரியும், என் ஆசையின் அளவும் தெரியும். ஆகவே குடுவைகளை மாற்றி வைத்தது, மூடியது, திறந்தது, கடைசியில் கலைத்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் ஒட்டியது எல்லாமே ஜக்கம்மாள் அக்காதான். அதற்கான சீட்டு அவர் சுருக்குப் பையில் இருந்தது.

எண்ணுகிற நாள் காலையில் குடுவைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. நான் கண்ணை வைத்து எண்ணினேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நூற்பாலை மேஸ்திரிகளை ஏமாற்றிப் பழகிய முகம்.

ஒன்றாம் குடுவை, பெரியது இல்லை. இரண்டு, இல்லை. மூன்றாம் குடுவையில் முதல் சொட்டிலேயே இரண்டு பெரியவர்கள் தெரிந்தார்கள். நாலு, இல்லை. ஐந்தாம் குடுவையில் ஏழு பேர். ஆறு, ஏழு, இல்லை. எட்டில் இருந்தது. ஒன்பது, பத்து, இல்லை. பதினொன்றில் ஒரு உருண்டை ஊதிக்கொண்டிருப்பதையே பார்த்தேன், பக்கத்தில் அது கழற்றிப் போட்ட மூடியும் கிடந்தது. பன்னிரண்டு, இல்லை.

"மூணு, அஞ்சு, எட்டு, பதினொண்ணு" என்று வாசித்தார் சார். "சீட்டக் குடுங்கம்மா."

அக்கா சுருக்குப் பையை அவிழ்த்தார். வெற்றிலைக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தார். சாரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார்.

அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருந்தது: ஐந்தரை நாள் - 3, 5, 8, 11.

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு தூக்கிவிட்டேன். அவர் என்னைவிடப் பெரிய உடம்பு, எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. "விடு பாப்பா, குடுவ விழுந்துரும், குடுவ!" என்று கத்தினார். பாப்பா திரும்ப வந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

டிசம்பரில் கமிட்டி உட்கார்ந்தது. மூன்று பேர். படங்களைக் காட்டினேன், எண்களைக் காட்டினேன். பெரிய செல்களிலிருந்து தொடங்கிய புது வம்சம் அதற்குள் பல தடவை பிரிந்திருந்தது, அதையும் காட்டினேன். வெளியூரிலிருந்து வந்த மூத்த உறுப்பினர் எதற்கும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் அறிக்கையைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"ஐந்தரை நாள்னு எப்படி முடிவு பண்ணீங்க? ஏன் அஞ்சு இல்ல, ஆறு இல்ல?"

"ஆயுத பூசை லீவு அவ்வளவுதான் சார்."

அவர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு பக்கத்தைத் திருப்பி, அறிக்கையோடு இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்ததாக இருந்த பெயரைப் படித்தார். அந்தப் பெயரை அங்கே போட வேண்டும் என்று நான் சாரோடு சண்டையெல்லாம் போடவில்லை. சண்டைக்குத் தயாராகப் போனேன், அவர் உடனே சரி என்றுவிட்டார், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஆர். ஜக்கம்மாள். இவங்க எந்தக் காலேஜ்? முதல் தடவை யார் லைட்டை அணைச்சது, இவங்களா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. கருநீலச் சின்னாளப்பட்டிச் சேலையில், கையில் டீத் தட்டோடு, ஆயிரம் கதிரின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய குரலில், ஜக்கம்மாள் அக்கா சொன்னார்.

"நான்தாங்கய்யா அமத்தினேன். இருங்க, மொத்தக் கதையையும் சொல்றேன்."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.